வாலை ஆட்டினால் பாசமா? கடிக்கும் முன் தெருநாய் பேசும் 'பாஷை'

திருப்பூர்,

பனியன் கம்பெனியில் நைட் ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு திருடனை விட பெரிய பயம் தெருநாய்தான். முக்கு திரும்பியதும் நாலைந்து நாய்கள் ஒன்றாக எழுந்து நின்றால், சைக்கிளில் வருபவருக்கு கை, கால் ஓடாது. 'சும்மா போனவனை கடிச்சிடுச்சு' என்றுதான் பிறகு ஆஸ்பத்திரியில் சொல்வார்கள்.

ஆனால் நோய் இல்லாத நாய் பெரும்பாலும் சொல்லாமல் கடிப்பது இல்லை. அது சொன்னது நமக்கு புரியவில்லை என்பதுதான் விஷயம்.

வாலில் இருக்கு சேதி

வால் ஆடினாலே பாசம் என்று நம்பி கையை நீட்டுகிறவர்கள் அதிகம். இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடினால் நட்பு. அதே வால் கம்பு மாதிரி விறைப்பாக மேலே நின்று, நுனி மட்டும் துடித்தால் 'கிட்டே வராதே' என்று அர்த்தம். கால்களுக்கு நடுவே சொருகிக்கொண்டால் பயம். பயந்த நாயையும் சாதாரணமாக நினைக்கக்கூடாது. ஓட வழி இல்லாமல் மூலையில் மடக்கினால் பாய்ந்து விடும்.

இத்தாலி விஞ்ஞானிகள் 2007-ம் ஆண்டு ஒரு வேடிக்கையான விஷயத்தை கண்டுபிடித்தனர். வளர்த்தவரை பார்த்தால் நாயின் வால் அதன் வலது பக்கமாக அதிகம் ஆடுகிறது. முன்பின் தெரியாத முரட்டு நாயை கண்டால் இடது பக்கம் சாய்கிறது. 2013-ல் நடந்த மற்றொரு ஆய்வில், இடது பக்கம் வால் ஆட்டும் நாயை வீடியோவில் பார்த்த நாய்களுக்கு இதய துடிப்பு எகிறியது.

வாலை பார்ப்பதற்கு முன் முகத்தை பார்க்க வேண்டும். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்குவது, முகத்தை திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரிய கடைக்கண்ணால் பார்ப்பது. இதெல்லாம் 'எனக்கு பிடிக்கலை, விடு' என்பதுதான். அப்படியும் விடாவிட்டால் உடம்பு அசையாமல் விறைக்கும். பிறகு உறுமல், பல்லை காட்டுவது. கடி கடைசியில்தான் வரும்.

வீட்டு நாய் உறுமினால் அடித்து அடக்குகிறார்கள். இது ரொம்ப தப்பு. அடிக்கு பயந்து உறுமலைத்தான் நிறுத்தும், கோபம் அப்படியே இருக்கும். அடுத்த முறை சத்தம் இல்லாமல் கவ்வி விடும்.

சின்ன பிள்ளைகளுக்கு இந்த அடையாளம் எதுவும் தெரியாது. ஓடிப்போய் கழுத்தை கட்டிக்கொள்வார்கள். வெறிநோய் சந்தேகம் உள்ள விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 10-க்கு 4 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மூக்குதான் கண்

நமக்கு கண் எப்படியோ, நாய்க்கு மூக்கு அப்படி. மனிதன் மூக்கில் வாசனை உணரும் செல்கள் சுமார் 60 லட்சம். சில நாய்களுக்கு 30 கோடி வரை உண்டு. கரண்ட் கம்பத்தை மோந்து கொண்டே நிற்கும் நாய், ஒரு வகையில் பேப்பர் படிக்கிறது. வந்துபோனது ஆணா, பெண்ணா, தெரிந்த நாயா, புதுசா என்று எல்லாம் அந்த மூத்திர வாடையில் இருக்கிறது. வண்டி டயரில் வேறு ஏரியா நாயின் வாடை இருப்பதும் துரத்த ஒரு காரணம் என்கிறார்கள்.

நாய்க்கு உலகம் கறுப்பு வெள்ளை என்பது தவறு. நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்புக்கும் பச்சைக்கும்தான் வித்தியாசம் தெரியாது.

ஊளையிட்டால் சாவா?

ராத்திரி நாய் ஊளையிட்டால் தெருவில் சாவு விழும், எமன் வருவது அதன் கண்ணுக்கு தெரியும் என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. ஊளை என்பது 'நான் இங்கே இருக்கேன்' என்று தூரத்து நாய்க்கு கொடுக்கும் குரல். ஆம்புலன்ஸ் சைரனுக்கும் பதில் கொடுக்கும்.

நமக்கு கேட்காத சன்னமான உச்ச ஒலிகள் கூட அதன் காதில் விழும். தீபாவளி அன்று கட்டிலுக்கு அடியில் நாய் நடுங்குவது ஏன் என்று இப்போது புரியும்.

ஓடினால் துரத்தும்

ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் பிறவி குணம். எனவே ஓடக்கூடாது. நின்று, கையை உடம்போடு ஒட்டி வைத்து, கண்ணோடு கண் பார்க்காமல் மெதுவாக விலகுவது நல்லது. வண்டியில் வந்தால் வேகத்தை கூட்டாமல் குறைக்க வேண்டும். குட்டி போட்ட நாய், சாப்பிடும் நாய் பக்கம் போகவே கூடாது.

நம் பாஷை அதற்கு ஓரளவு தெரிகிறது. கல் எடுக்க குனிந்தாலே பல நாய்கள் ஓடி விடுவதை பார்க்கிறோம். கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், பழக்கப்படுத்தாத தெருநாய்களிடம் ஒரு கிண்ணத்தை விரலால் சுட்டி காட்டினர். பயந்து ஒதுங்கியவை போக, கிட்டே வந்தவற்றில் பெரும்பாலானவை காட்டிய கிண்ணத்துக்கே போயின.

வெறிநாய் வேறு

இதுவரை சொன்னது எதுவும் வெறி பிடித்த நாய்க்கு பொருந்தாது. அது எச்சரிக்காமலே கடிக்கும். குரல் மாறும், எச்சில் ஒழுகும், தள்ளாடும்.

எந்த நாய் கடித்தாலும் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைக்கக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி விட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் ஊசிக்கு பிறகு 3, 7, 28-வது நாட்களில் போட வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் காயத்தை சுற்றி சீரம் ஊசியும் உண்டு. வெறிநோய் அறிகுறி வந்த பிறகு பிழைப்பது மிக மிக அபூர்வம் என்பதால், காயம் ஆறிவிட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடக்கூடாது என்று டாக்டர்கள் கூறுகிறார்கள்.