ஏழாவது கட்டத்தில் தொடங்கு

கலும்பாங் பக்கத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகம் ஞாபகம் இருக்கும். தோட்டக் கணக்கரான கிராணி கட்டம் மாற்றிப் பதிந்துவிட்டால் அன்றைய சம்பளமே தகராறு. கணினி உலகத்திலும் அப்படியொரு கண்டிப்பான கிராணி உண்டு. பெயர் ஃபோர்ட்ரான்.

1957-இல் ஐபிஎம் வெளியிட்ட நிரல்மொழி இது. ஒரு வரிக்கு ஒரு துளை அட்டை, அட்டைக்கு 80 கட்டம். முதல் ஐந்து, வரி எண்ணுக்கு. ஆறாவதில் குறி விழுந்தால், முந்தின வரியின் தொடர்ச்சி. கட்டளைக்கு 7 முதல் 72 வரைதான் இடம். அதைத் தாண்டி எழுதினால் கணினி ஏறெடுத்தும் பார்க்காது. மிச்சமுள்ள எட்டுக் கட்டம் அட்டைக்கு எண் போட. பின்னே, கைதவறி அடுக்கு கீழே கொட்டினால் மறுபடி வரிசைப்படுத்த வேண்டாமா?

ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் 1960-களில் கான்பூர் ஐஐடியில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்த மொழியைத்தான்.

பழைய கைகள் இந்தக் கெடுபிடியை ஒழுங்கு என்பார்கள். இளசுகள் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் எழுதும் பைத்தானிலும் வரியின் முன்னால் விடும் இடம் பிசகினால் நிரல் ஓடாது, அது வேறு கதை!

ஃபோர்ட்ரான் 90 வந்தபோது கட்டக் கணக்கு தளர்ந்தது. மொழி ஓய்வு பெறவில்லை. பல நாடுகளில் மழையைக் கணிக்கும் டபிள்யூஆர்எஃப் மென்பொருளின் பெரும்பகுதி இன்றும் ஃபோர்ட்ரான்தான்.