நாற்று சரி, நிலம்?

ரெட்டியார்சத்திரம் காய்கறி மகத்துவ மையத்தில் குழித்தட்டு நாற்று வாங்கிப் போகிற விவசாயிக்கு ஒன்று தெரியும்: தென்னைநார்க் கழிவில் வேர் பின்னிய நாற்று எவ்வளவு திடமாக இருந்தாலும், நிலத்தில் பிடித்தால்தான் காய். எலும்புப்புரைக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்ற பேச்சையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். (மூட்டு வலி, எலும்பு மெலிவு இரண்டையும் ‘தேய்மானம்’ என்றே சொல்லிவிடுகிறோம், இங்கே பேசுவது மெலிவை, அதாவது எலும்புப்புரையை.) எலும்பை ஒருவகைச் செல் ஓயாமல் அரித்தெடுக்கிறது, இன்னொரு வகை அந்தக் குழியைப் பூசி அடைக்கிறது. பூசும் செல்கள் மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்லிலிருந்து பிறப்பவை. வயது ஏற ஏற அந்த ஸ்டெம் செல்கள் கொழுப்புச் செல்லாக மாறுவது கூடுகிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து அரிப்பும் வேகமெடுக்கிறது. அப்படியானால் ஸ்டெம் செல்லை வெளியே பெருக்கி ஊசியில் ஏற்றினால் என்ன?

முதலில் மஜ்ஜையோடு சேர்த்தே ஏற்றிப் பார்த்தார்கள். பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோயுள்ள மூன்று குழந்தைகளுக்கு மஜ்ஜை மாற்று செய்த விவரத்தை அமெரிக்காவின் எட்வின் ஹோர்விட்ஸ் குழு 1999-ல் வெளியிட்டது. எலும்பு முறிவு குறைந்தது, உயரம் கூடியது. ஆனால் எலும்பில் குடியேறிய கொடையாளர் செல்கள் நூற்றுக்கு இரண்டைத் தாண்டவில்லை. நரம்பில் செலுத்தும் செல்களில் பெரும்பாலானவை நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கின்றன. பிறகு பலன் எப்படி? அவை சுரக்கும் வேதிச் சமிக்ஞைகளால் என்பதே இன்று வலுவான விளக்கம். 1991-ல் மஜ்ஜையின் இந்த ஸ்டெம் செல்களுக்கு ‘மீசன்கைமல் ஸ்டெம் செல்’ என்று பெயர் சூட்டிய ஆர்னால்ட் கேப்லனே, இந்தக் காரணத்தைச் சொல்லி 2017-ல் அந்தப் பெயரை மாற்றச் சொன்னார்! வேலூர் சி.எம்.சி.யும் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் கைகோத்து ஆய்வு நடத்துவதும் எலும்பு நொறுங்கும் அதே பிறவி நோய்க்குத்தான். முதியோரின் எலும்புப்புரைக்கு அல்ல.

சி.எம்.சி.யில் 1986-லிருந்தே மஜ்ஜை மாற்று நடக்கிறதே என்பார்கள். அது ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல். மஜ்ஜையில் குடியேறுவது அதன் இயல்பு. எலும்பை அரிக்கும் செல்லும் ரத்த வழி வந்ததே என்பதால், எலும்பு கல்லாக இறுகும் அரிய நோயை மஜ்ஜை மாற்று குணப்படுத்தும். நம் சிக்கலோ நேர் எதிர். சொந்தச் செல்தானே, என்ன கெடுதல் என்றால், எழுபது வயதுக்காரரின் செல்லுக்கும் எழுபது வயதுதான். எடுத்துப் பெருக்கும்போது கிருமி புகும் வாய்ப்பும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறை, ரத்த நோய்கள் போன்ற குறிப்பிட்ட சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை ஆய்வாக மட்டுமே அனுமதிக்கிறது. ஸ்டெம் செல் ஊசிக்குக் காசைக் கொட்டுபவர் கைவிடுவது எதை என்பதையும் பார்க்க வேண்டும். நாற்று நடுமுன் ஆட்டை விரட்டுவதுபோல அரிக்கும் செல்லை அடக்கும் சோலெட்ரானிக் அமிலம், ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து. 2007-ல் வெளியான ஆய்வில், மூன்றாண்டில் அது இடுப்பெலும்பு முறிவை 41 சதவீதம் குறைத்தது.