பட்டத்தோடு ஒரு கடன் பத்திரம்!

“படிப்பவன் பயன் பெறுகிறான், பயன் பெறுபவனே பணம் கட்டட்டும்!” கல்லூரிக் கட்டணம் உயரும்போதெல்லாம் நம் காதிலே விழும் வாதம் இது. கடைக்குப் போனால் காசு கொடுத்துத்தானே சரக்கு வாங்குகிறோம், கல்லூரிக்கு மட்டும் ஏன் சலுகை என்று கேட்கிறார்கள் கனவான்கள். அதோடு நிற்கவில்லை. உழைப்பாளிக்காக உள்ளம் உருகியவர்கள் போல இன்னொன்றும் கேட்கிறார்கள்: “கல்லூரிப் படியையே மிதிக்காத நெசவாளியும் மூட்டை தூக்குபவனும் கட்டும் வரியிலே, வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளை டாக்டர் ஆவதா? இது அநீதி அல்லவா?”

முதல் வாதத்தை எளிதிலே தள்ளிவிடலாம். இரண்டாவதை அப்படித் தள்ளிவிடக்கூடாது. அதிலே பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை, முழுப் பொய்யைவிட ஆபத்தானது. பொய்யை அடையாளம் கண்டு விரட்டிவிடலாம். பாதி உண்மையோ, நண்பன் வேடத்திலே நடுவீட்டிலே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே, அந்த வாதத்தை ஏற்று நடந்த நாடுகளிலே விளைந்தது என்ன, ஏற்க மறுத்த நாடுகளிலே விளைந்தது என்ன என்று பார்த்துவிட்டு, பிறகு பதில் சொல்லுவோம்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 1962ஆம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. பல்கலைக் கழகத்திலே இடம் கிடைத்த மாணவனுடைய கட்டணத்தை உள்ளூர் ஆட்சி மன்றமே கட்டவேண்டும். பெற்றோரின் வருவாய்க்கு ஏற்ப, உண்ணவும் உறங்கவும் உதவித் தொகையும் தரவேண்டும் என்றது சட்டம். திருப்பித் தரவேண்டிய கடன் அல்ல. நாடு தன் பிள்ளைக்குத் தந்த சீதனம். சுரங்கத்திலே கரி வெட்டியவன் மகனும் ஆலையிலே நூல் நூற்றவள் மகளும், கையிலே காசில்லாமல் நுழைந்து, தலையிலே கடனில்லாமல் வெளியேறினார்கள்.

அன்று கல்லூரிக்குச் சென்றவர்கள் கொஞ்சம் பேர்தான். காலம் சென்றது, கூட்டம் பெருகியது, செலவும் பெருகியது. அரசின் முன் இரண்டு வழிகள் இருந்தன. உயர்ந்த வருவாய் உள்ளவனிடம் கூடுதலாக வரி வாங்கிச் செலவைச் சமாளிப்பது ஒன்று. மாணவன் கையிலே ரசீதைத் திணிப்பது மற்றொன்று. எது எளிது? பணக்காரனிடம் கேட்டால் முறைப்பான்; பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் என்ன செய்யமுடியும்? கேட்டார்கள்!

1990இல் உணவுக்கும் உறைவிடத்துக்கும் கடன் முறை வந்தது. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை கட்டணம் வந்தது; கொண்டுவந்தது, தொழிலாளர் பெயரைத் தாங்கிய தொழிற் கட்சியின் அரசு என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 2006இல் 3,000 பவுண்டு. 2012இல் 9,000 பவுண்டு. 2017இல் 9,250. 2025இல் 9,535. நம் பணத்திலே பத்து லட்சம் ரூபாய்க்கும் மேல், ஒரே ஒரு ஆண்டுக்கு! ஆயிரம்தானே என்று ஆரம்பித்தது. ஒட்டகம் கூடாரத்திலே மூக்கை நுழைக்க இடம் கேட்ட கதைதான்!

இதிலே அரசியல் பாடமும் ஒன்று உண்டு. 2010 தேர்தலின்போது லிபரல் டெமாக்ரட் கட்சி வேட்பாளர்கள், கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று எழுதிக் கையெழுத்தே போட்டார்கள். மாணவர்கள் நம்பினார்கள், வாக்களித்தார்கள். கூட்டாட்சியிலே பதவி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரிலே, கட்டணத்தை 9,000 பவுண்டு வரை உயர்த்தும் தீர்மானம் வந்தது. அக்கட்சியின் அமைச்சர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். 21 வாக்கு வித்தியாசத்திலே தீர்மானம் நிறைவேறியது. 2012இல் கட்சித் தலைவர் நிக் கிளெக் மன்னிப்புக் கேட்டார். 2015இல் மக்கள் தீர்ப்புக் கேட்கப்பட்டது. 2010இல் 57 பேரை அனுப்பிய கட்சி, எட்டே பேரோடு திரும்பியது. கட்டணம் ஒன்றே காரணம் என்று கூறமாட்டோம். ஆனால் கையெழுத்திட்ட காகிதத்தை மக்கள் மறக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

“கையிலே காசு வைத்துக்கொண்டா வரச் சொல்கிறோம்? அரசே கடன் தருகிறது. சம்பாதித்த பிறகு கட்டட்டும்” என்பது அவர்கள் பதில். கடனின் கணக்கைப் பார்ப்போம். 2023 முதல் சேர்ந்த மாணவர்களுக்கு விதி இது: ஆண்டு வருவாய் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையிலே நூற்றுக்கு ஒன்பது பங்கு கடனுக்குப் போகும். எத்தனை ஆண்டுகள்? கடன் தீரும்வரை, தீராவிட்டால் நாற்பது ஆண்டுகள். இருபத்திரண்டு வயதிலே பட்டம் வாங்கியவன், பேரன் பேத்தி எடுக்கும் வயதுவரை தவணை கட்டலாம்!

இதைவிடக் கொடுமை, இந்தக் கணக்கிலே யார் தப்புகிறான் என்பது. அப்பன் பணக்காரனாக இருந்தால், கட்டணத்தை முன்னதாகவே எண்ணி வைத்துவிடுகிறான். கடனில்லை, வட்டியில்லை. பெரும் சம்பளக்காரன் சில ஆண்டுகளிலே அடைத்துவிட்டுக் கையைத் தட்டிவிடுகிறான். நடுவிலே இருக்கும் ஆசிரியையும் செவிலியும்தான், ஆண்டுக் கணக்கிலே கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2012 முதல் 2022 வரை சேர்ந்தவர்களுக்கு, விலைவாசி உயர்வுக்கும் மேலே நூற்றுக்கு மூன்று வரை வட்டி என்று விதி இருந்தது. ஆகவே நடுத்தர வருவாய்க்காரன் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை, பெரும் வருவாய்க்காரன் கட்டியதைவிட அதிகமாகிவிடும். ஒரே படிப்பு, ஒரே பட்டம். விலை மட்டும் வேறு வேறு!

“கட்டணம் ஏறியும் மாணவர் கூட்டம் குறையவில்லையே” என்று கேட்பார்கள். பகலெல்லாம் கல்லூரியிலே இருக்கக்கூடிய பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் கூட்டம் குறையவில்லை, உண்மை. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படித்தவர்களின் கூட்டம், அந்த ஆண்டுகளிலே சரிந்து விழுந்தது. அவர்கள் யார்? பகலிலே பட்டறை, இரவிலே பாடப் புத்தகம் என்று வாழ்ந்தவர்கள்! பிள்ளைக்குட்டி உள்ள, வாடகை கட்டுகிற, ஏற்கெனவே கடன் சுமக்கிற உழைப்பாளிகள்! கடன் பத்திரத்தைக் கண்டு முதலிலே பின்வாங்கியவன் தொழிலாளிதான். கதவைச் சாத்தவில்லை என்கிறார்கள். வாசலிலே வட்டிக்கடையை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவிலே அந்த வட்டிக்கடை மலையாக வளர்ந்திருக்கிறது. நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் கல்விக் கடனாளிகள். கடன் தொகை 1.7 லட்சம் கோடி டாலரையும் தாண்டிவிட்டது. வியாபாரத்திலே நொடித்தவன் மஞ்சள் கடுதாசி கொடுத்துத் தப்பிக்கலாம். படித்துக் கடன்பட்டவன் அப்படித் தப்புவது அந்த நாட்டுச் சட்டப்படி மிகமிகக் கடினம். ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய ஜோ பைடன் அரசு முயன்றது. 2023 ஜூன் மாதம், அதிகாரமில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

இனி, மறுபுறம் திரும்புவோம். ஜெர்மனியிலே நடந்தது, நம் கழகத் தோழர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி. 2002இல் மத்திய அரசு, முதல் பட்டப் படிப்புக்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்று சட்டம் போட்டது. நல்ல சட்டந்தானே என்போம். ஆனால் 2005இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. அதிலே மத்திய அரசு இப்படித் தலையிட முடியாது என்பது தீர்ப்பு. உடனே ஏழு மாநிலங்கள், அரையாண்டுப் பருவத்துக்கு 500 யூரோ வரை கட்டணம் விதித்தன.

மாநில உரிமை மாணவனுக்குக் கேடாக முடிந்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம், மேலே கேளுங்கள். டில்லி போல எங்கோ தொலைவிலே இருக்கும் அரசு அல்லவே! கட்டணம் விதித்தவன் பக்கத்திலே இருந்தான். அவன் கதவைத் தட்ட மக்களால் முடிந்தது. ஹெஸ்ஸன் மாநிலத்திலே 2008இலேயே கட்டணம் ஒழிந்தது. பவேரியாவிலே, வாக்காளர்களில் பத்திலே ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் 2013இல் நேரிலே சென்று கையெழுத்திட்டனர். ஆளும் கட்சி இறங்கி வந்தது. சட்டமன்றமே கட்டணத்தை நீக்கியது. கடைசியாக 2014இல் லோயர் சாக்சனியும் கைவிட்டது. ஏழு மாநிலங்களும் எட்டே ஆண்டுகளிலே திரும்பிவிட்டன! உரிமை மாநிலத்திடம் இருந்தால் தவறு செய்யவும் கூடும். ஆனால் அந்தத் தவறைத் திருத்தும் சாட்டை மக்கள் கையிலே இருக்கும்.

கட்டணம் இல்லை என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. வசதியற்ற மாணவனுக்கு வாழ்க்கைச் செலவுக்கும் தருகிறார்கள். 1971இல் வந்த ஏற்பாடு அது. வழக்கமான முறைப்படி, பாதி கொடை, பாதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்டவேண்டிய தொகைக்கும் 10,010 யூரோ என்று உச்சவரம்பு உண்டு.

ஆனால், ஜெர்மனியைப் புகழ்ந்துவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. அங்கே பெரும்பாலான மாநிலங்களிலே, நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பத்து வயதிலே, இவன் பல்கலைக் கழகத்துக்கு, அவன் பட்டறைக்கு என்று பாதை பிரிகிறது. பின்னர் மாறலாம், மாறுவது எளிதல்ல. விளைவு என்ன? கட்டணமே இல்லாத பல்கலைக் கழகத்திலும், படித்தவர் வீட்டுப் பிள்ளைகளே அதிகம். 1953இல் அரை நேரம் பள்ளி, அரை நேரம் அப்பன் தொழில் என்று இங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். குலக் கல்வி என்று பெயரிட்டுக் கிளர்ச்சி செய்தது நம் இயக்கம். 1954இல் அது ஒழிந்தது. வாசலிலே பணம் கேட்காமல் இருந்தால் மட்டும் போதாது, வாசல்வரை வரும் பாதையையும் வெட்டிவைக்க வேண்டும் என்பதை நாம் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, போராடித் தெரிந்துகொண்டோம்.

இரண்டுக்கும் நடுவிலே ஒரு வழி கண்டதாகச் சொல்லும் நாடு ஆஸ்திரேலியா. 1974இல் விட்லம் அரசு கட்டணத்தை ஒழித்தது. 1989இல் மீண்டும் வந்தது, 1,800 டாலர். படிக்கும்போது கட்டத் தேவையில்லை. வருவாய் ஓர் அளவைத் தாண்டிய பிறகு, வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். விலைவாசிக்கு ஏற்பத் தொகை ஏறுமே தவிர, தனி வட்டி இல்லை. கடன் முறைகளிலே இதுதான் கொஞ்சம் இரக்கமுள்ளது என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இரக்கமுள்ள கடனும் கடன்தானே! 2021இல் கலைப் படிப்புகள் பலவற்றுக்குக் கட்டணத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கினார்கள். 2023இல் விலைவாசி ஏற, கடன் தொகை ஒரே ஆண்டிலே நூற்றுக்கு 7.1 பங்கு வீங்கியது. கூக்குரல் எழுந்தது. 2025இல், கடனிலே ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்து சட்டம் இயற்ற நேர்ந்தது. நடுவழியிலே சென்றவர்களும் பாதி தூரம் திரும்பி நடக்கவேண்டி வந்தது!

இப்போது, அந்தப் பாதி உண்மைக்குப் பதில் சொல்லுவோம்.

ஏழையின் வரியிலே பணக்காரன் பிள்ளை படிப்பது அநீதி, ஆம். அந்த அநீதிக்கு மருந்து என்ன? ஏழையின் பிள்ளையையும் உள்ளே கொண்டுவந்து உட்காரவைப்பதா? அல்லது, எல்லோருக்கும் கட்டணம் என்று எழுதி, பணக்காரன் பிள்ளையைக் காசோடும், ஏழையின் பிள்ளையைக் கடனோடும் அனுப்புவதா? பந்தியிலே ஒருவனுக்கு இலை போடவில்லையென்றால், அவனுக்கும் இலை போடு என்றுதான் சொல்லவேண்டும். சோற்றுக்கு விலை வை என்று சொல்லுவது பசித்தவனுக்குச் செய்யும் உதவியா?

“பட்டதாரி அதிகமாகச் சம்பாதிக்கிறானே?” சம்பாதிக்கட்டும், சம்பாதிக்கும்போது அதிகமாக வருமான வரி கட்டட்டும். படித்துப் பணக்காரனானவனும் கட்டுவான். படிக்காமலே பாட்டன் சொத்திலே பணக்காரனானவனும் கட்டுவான். கட்டணம் என்றாலோ, படித்த ஏழை மட்டும் கட்டுவான். படிக்காத செல்வந்தன் தப்பிவிடுவான். டாக்டரின் பட்டம் டாக்டருக்கு மட்டும் பயனா? அரசு ஆஸ்பத்திரியிலே அவர் கைபட்டுப் பிழைக்கும் பாட்டாளிக்கு அதிலே பங்கில்லையா?

இந்தக் கேள்விகளை லண்டனுக்கும் பெர்லினுக்கும் மட்டும் கேட்டுவிட்டு இருந்துவிட முடியாது. 2016இல் ஐ.ஐ.டி.களின் ஆண்டுக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சமாயிற்று. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மிகக் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கும் விலக்கு உண்டு. இடையிலே இருக்கும் குடும்பங்கள் வங்கியின் வாசலுக்குப் போயின. 2017இல் உயர் கல்விக்கென ஒரு நிதி நிறுவனத்தை மத்திய அரசு அமைத்தது. முன்பு கட்டடத்துக்கும் கருவிக்கும் மானியம் தந்த டில்லி, இனிக் கடன் தரும் என்றது. அசலிலே ஒரு பங்கை, சில நிறுவனங்கள் முழுவதையுமே, தம் வருவாயிலிருந்து கட்டவேண்டும் என்றது. கல்லூரியின் வருவாய் எது? மாணவன் சட்டைப் பைதானே! நாட்டு வருமானத்திலே நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்கு ஒதுக்குங்கள் என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னது. 2020இல் புதிய கல்விக் கொள்கையும் அதே ஆறைத்தான் எழுதியது. 1966 முதல் ஏட்டிலே இருக்கும் ஆறு, என்றைக்கு நாட்டிலே ஓடும்?

தமிழகம் தேர்ந்தெடுத்த பாதை வேறு. குடும்பத்திலே முதல் பட்டதாரியாகத் தொழிற்கல்லூரியில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் 2010இல் வந்தது. அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022இல் வந்தது. முதலாவது, வாசலிலே காசு கேட்காத திட்டம். இரண்டாவது, பாதை வெட்டும் திட்டம். ஆனால் 1976இல் மாநிலப் பட்டியலிலிருந்து கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனார்களே, அந்த உரிமை திரும்பாதவரை, நாம் வெட்டிய பாதையிலே டில்லி எப்போது வேண்டுமானாலும் சுங்கச் சாவடி வைக்கலாம்.

தோழர்களே! அடுத்த முறை, “உங்கள் வரிப்பணத்தைக் காப்பாற்றத்தான் கட்டணம்” என்று எவரேனும் தேநீர்க் கடையிலே வாதாடினால், இங்கிலாந்திலே ஆயிரம் ஒன்பதாயிரமானதைச் சொல்லுங்கள். வட்டி கட்டும் செவிலியையும், வட்டியே கட்டாத செல்வந்தன் மகனையும் சொல்லுங்கள். பவேரியாவிலே கையெழுத்துக்காக நின்ற வரிசையைச் சொல்லுங்கள். படிப்பகத்திலே பத்துப் பேருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். நம் பிள்ளை கல்லூரியைவிட்டு வெளியே வரும் நாளிலே, ஒரு கையிலே பட்டம் இருக்கட்டும். மறு கை, அவனைப் படிக்கவைத்த நாட்டுக்கு உழைக்கும் கையாக இருக்கட்டும். அந்தக் கையிலே கடன் பத்திரத்தைத் திணிக்க எந்த அரசு வந்தாலும், தடுத்து நிற்பது நம் கடமை!