வெட்டினது மரத்தை மட்டுமில்லை!

பாயசத்துல போடுற உலர்திராட்சை தெரியும்ல? ஆப்கானிஸ்தானில், காபூலுக்கு வடக்கே இருக்கும் ஷோமாலி சமவெளி அதற்குப் பேர்போன பகுதி. மண்சுவர் சூழ்ந்த திராட்சைத் தோட்டங்கள், ஓரமாக மல்பெரி மரங்கள். பல குடும்பங்களுக்குச் சோறும் சொத்தும் அதுதான்.

1999-ல் இங்கே புகுந்த தாலிபான் படை வீடுகளை எரித்தது, கொடிகளையும் பழமரங்களையும் வெட்டியது, வாய்க்கால்களைத் தகர்த்தது. விரட்டப்பட்ட மக்கள் திரும்பி வந்தாலும் பிழைக்க வழியில்லாமல் போனது.

'மறுபடி நட்டா போச்சு'னு தோணுதா? கோதுமை சில மாதங்களில் விளைஞ்சிடும். திராட்சைக்கொடி காய்க்க சுமார் மூணு வருஷம் ஆகும். அதுவரை குடும்பம் எதைச் சாப்பிடும்? வாய்க்காலைச் சரிபண்ண மண்ணைத் தோண்டினால், அடியில் கண்ணிவெடி இருக்கலாம்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாது. எந்தக் கொடியை எப்போ கவாத்து பண்ணணும், மல்பெரியை எப்படிக் காயவெச்சு குளிர்காலத்துக்குச் சேர்க்கணும்... இதெல்லாம் அப்பா, அம்மாகூட தோட்டத்துல நின்னு கத்துக்கிறது. அகதி முகாமில் வளர்ற பிள்ளைக்கு அதை எதைக் காட்டிச் சொல்லித்தருவது?

2001-ல் அந்த ஆட்சி விழுந்த பிறகு, பலர் திரும்பி வந்து மீண்டும் கொடி நட்டார்கள்.

அடுத்தமுறை போர்ச் செய்தியில் 'தோட்டங்கள் சேதம்'னு ஒரு வரி வந்தா, சட்டுனு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. போனது ஒரு வருஷ விளைச்சல் மட்டுமா, ஒரு தலைமுறை உழைப்பானு யோசிச்சுப் பாருங்க.