இரத்தப் புற்றுநோயும் கதிர்வீச்சும்: குறைந்துகொண்டே வரும் ஒரு மருந்து

கண்டிக்காரர்களுக்கு டெங்கு ஒரு பாடத்தை நன்றாகப் புகட்டியிருக்கிறது. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் எஃப்.பி.சி. எனப்படும் முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை எடுக்க வேண்டும், அறிக்கை கைக்கு வந்ததும் பிளேட்லெட் எத்தனை என்று பார்க்க வேண்டும் என்பது இப்போது பாட்டிமாருக்கும் தெரியும். அதே தாளில் உள்ள வெள்ளணு வரியை அவ்வளவு பேர் கவனிப்பதில்லை. வளர்ந்தவர்களுக்கு ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் டெங்குவில் குறையும். இரத்தப் புற்றுநோயான லுகேமியாவில் அவை ஒரு இலட்சத்தையும் தாண்டிப் போகலாம். சில நோயாளிகளிடம் எண்ணிக்கை சாதாரணமாகவே இருக்கும், குறைந்தும் இருக்கும். ஆனால் ‘பிளட் பிக்சர்’ என்று எழுதிக் கொடுத்து, இரத்தத் துளியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அங்கே இருக்கக்கூடாத முதிராத அணுக்கள் தெரியும். அடுத்தது இடுப்பெலும்பிலிருந்து மச்சை எடுத்துச் செய்யும் பரிசோதனை.

லுகேமியா எலும்பு மச்சையில் தொடங்கி இரத்தம் முழுதும் பரவும் நோய். லிம்போமா பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களில் கட்டியாக வரும். கழுத்திலோ அக்குளிலோ கவட்டிலோ வலியில்லாத ஒரு வீக்கம், இரவில் உடுப்பு நனையும் வியர்வை, காரணமில்லாத காய்ச்சல், ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது ஆகியவை இதன் முக்கிய அடையாளங்கள். இவை எல்லாமே காசநோய்க்கும் பொருந்தும். நம் பக்கத்து நாடுகளில் லிம்போமா நோயாளி சிலர் முதலில் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கிவிட்டு வருவதற்கு அதுதான் காரணம். ஊசியால் சில அணுக்களை மட்டும் உறிஞ்சிப் பார்ப்பது இங்கே போதாது. கணுவை முழுதாக வெட்டியெடுத்துப் பரிசோதித்தால்தான் என்ன வகை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

மலையகத்தில் இப்படி ஒரு முடிவு வந்தால் பயணம் பெரும்பாலும் கண்டியை நோக்கித்தான். வில்லியம் கோபல்லாவ மாவத்தையில் உள்ள கண்டி தேசிய வைத்தியசாலை, நாட்டின் இரண்டாவது பெரிய அரச வைத்தியசாலை. மாத்தளை, கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், நுவரெலியா என்று பல திசைகளிலிருந்தும் அதன் புற்றுநோய்ப் பிரிவுக்கு ஆட்கள் வருகிறார்கள். மகரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவோரும் உண்டு. எங்கே போனாலும் அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பஸ் காசும் இழந்த நாட்சம்பளமும் நோயாளியின் கணக்கில்தான் விழும்.

அந்தப் பிரிவுக்கு முதன்முதலில் வரும் எவருக்கும் ஒரு கேள்வி இருக்கும்: கரண்ட் பிடிப்பார்களா? ரேடியோதெரபிக்கு ஊரில் வழங்கும் பெயர் அது. புற்றுநோய் என்றாலே கீமோ எனும் மருந்துச் சிகிச்சை, கரண்ட் இரண்டும் உண்டு என்பது பொது நம்பிக்கை. ஆனால் இரத்தப் புற்றுநோய்களில் நிலைமை வேறு. லுகேமியா நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் கதிர்வீச்சு இயந்திரத்தின் அறைக்குள் போகவே மாட்டார்கள். லிம்போமாக்காரர் போனாலும், பக்கத்து வாங்கில் காத்திருக்கும் வாய்ப் புற்றுநோய்க்காரரைவிட மிகக் குறைந்த அளவோடு முடித்துக்கொண்டு வீடு திரும்புவார்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடம் மிக அதிகம். அதற்கு முழுச் சிகிச்சை என்றால் சுமார் 70 கிரே, நாளுக்கு 2 கிரே வீதம் வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம். தொடக்க நிலையில் பிடிபட்ட ஹொட்ஜ்கின் லிம்போமாவுக்கு, மருந்துக்குப் பிறகு 20 முதல் 30 கிரே. அதாவது இரண்டு மூன்று வாரம். மெதுவாக வளரும் ஃபொலிக்குலர் லிம்போமாவில் கட்டியை அடக்கி வைக்க, இரண்டே நாளில் மொத்தம் 4 கிரே கொடுப்பதும் உண்டு.

கிரே என்பது ஒரு கிலோகிராம் உடற்பகுதி உள்வாங்கும் ஒரு ஜூல் ஆற்றல். அது எவ்வளவு சிறியது என்பதை நினைத்தால் வியப்புத்தான். 4 கிரே ஆற்றல் முழுதும் வெப்பமாக மாறினாலும் தண்ணீரின் சூட்டை ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்களவே கூட்டும். ஆனால் அதே 4 கிரேயை உடல் முழுதும் ஒரே தடவையில் வாங்கினால், சிகிச்சை இல்லாதபோது ஏறத்தாழ பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். ஆகவே கதிர்வீச்சு சுட்டுக் கொல்வதில்லை. உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. அறுந்ததைச் சரியாக ஒட்டிக்கொள்ளும் திறன் நல்ல அணுக்களுக்குக் கூடுதலாக இருப்பதால்தான், மொத்த அளவை நாள்தோறும் சிறு பங்காகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான புற்றணுக்கள் பிரிய முயலும்போதே சாகும். லிம்போமாவின் ஊற்றான லிம்போசைட் எனும் வெள்ளணுக்களோ பிரியும்வரை காத்திருப்பதில்லை, அடிபட்டதும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். லிம்போமாவுக்குச் சிறிய அளவே போதுமாக இருப்பது இதனால்தான்.

அப்படியானால் லுகேமியாவுக்கும் அதைக் கொடுத்தால் என்ன? கதிர்வீச்சு குறிபார்த்து அடிக்கும் ஆயுதம். லுகேமியாவில் குறி என்று ஓரிடமில்லை. தேநீரில் கரைந்துவிட்ட சீனியைக் கரண்டியால் திரும்ப அள்ள முடியாது, அதே கதைதான். உடல் முழுதும் கதிர்வீச்சுக் கொடுக்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு: பிறர் மச்சையை மாற்றி வைப்பதற்கு முன், நோயாளியின் பழைய மச்சையை ஒழிப்பதற்காக, வழக்கமாக மூன்று நாளில் ஆறு தடவையாக 12 கிரே. அதையும் எல்லா மாற்று சிகிச்சைகளிலும் செய்வதில்லை.

இயந்திரங்களில் இரண்டு வகை. பழையது கோபால்ட்-60. கனடாவில் 1951இல் நோயாளிகளுக்கு முதலில் பயன்பட்ட இது, எங்கள் நாடுகளின் புற்றுநோய்ப் பிரிவுகளைப் பல பத்தாண்டுகள் தாங்கியது. கண்டியிலும் அது உழைத்திருக்கிறது. கோபால்ட் தானாகவே கதிர்வீசிக்கொண்டிருக்கும், அணைக்க முடியாது. சிகிச்சை முடிந்ததும் மூலத்தைக் கனமான ஈயக் கவசத்துக்குள் இழுத்து மறைப்பார்கள். அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு பலம் குறையும். மூலத்தை மாற்றாமல் ஐந்தாண்டு ஓட்டினால், முன்பு இரண்டு நிமிடத்தில் முடிந்தது நான்கு நிமிடம் எடுக்கும். வரிசை நீளும். புதியது லினாக் எனப்படும் நேர்கோட்டு முடுக்கி. இதில் கதிரியக்கப் பொருள் எதுவுமில்லை. நுண்ணலைகளால் எலெக்ட்ரான்களை முடுக்கி டங்ஸ்டன் தகட்டில் மோதவிட, எக்ஸ் கதிர் பிறக்கும். ஆளியை அணைத்தால் கதிர்வீச்சும் நின்றுவிடும். கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிர்க்கற்றையை வெட்டிக் கொடுப்பதில் கோபால்ட் இதற்கு ஈடாகாது. ஆனால் லினாக்குக்கு நிலையான மின்சாரமும் குளிரூட்டலும் தேர்ந்த பொறியியலாளரும் வேண்டும். நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டைக் கண்ட 2022ஆம் ஆண்டை நினைத்தால், பழைய கோபால்ட்டை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான். முதலில் சி.டி. எடுத்துத் திட்டமிடுவார்கள். தோலில் மையால் அடையாளமிடுவார்கள், அதைத் தேய்த்துக் கழுவக் கூடாது. கழுத்துக்குச் சிகிச்சை என்றால் அசையாமல் இருக்க முகத்துக்கு அச்சு முகமூடி செய்வார்கள். மேசையில் கிடப்பது சில நிமிடம், வலி இல்லை. வெளியிலிருந்து கொடுக்கும் இந்தக் கதிர்வீச்சால் நோயாளி கதிரியக்கம் உள்ளவராக மாறுவதில்லை. பிள்ளையைத் தூக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம். தனித் தட்டு, தனிக் கோப்பை என்று ஒதுக்குவது அறியாமை. கதிர்வீச்சு பட்ட இடத்தில் மட்டுமே முடி உதிரும். தலைமுடி முழுதும் போவது கீமோவின் வேலை.

கதிர்வீச்சு இவ்வளவு குறைந்து வந்ததற்குப் பின்னால் நீண்ட கணக்கு இருக்கிறது. தோமஸ் ஹொட்ஜ்கின் 1832இல் விவரித்த நோய் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராததாகவே இருந்தது. 1950இல் டொரண்டோவைச் சேர்ந்த வேரா பீட்டர்ஸ், போதிய கதிர்வீச்சு கொடுத்தால் சிலர் முழுதாகக் குணமாகிறார்கள் என்று காட்டினார். ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்லன் லினாக்கைக் கொண்டு கழுத்து, நெஞ்சு, அக்குள் அனைத்தையும் சேர்த்து 40 கிரே அளவில் அடித்தார். பலர் பிழைத்தார்கள். இருபது முப்பது ஆண்டு கழித்து அவர்களில் சிலருக்கு மார்பகப் புற்றுநோயும் இதய நோயும் வந்தன. பிறகு மருந்துகள் வலுப்பெற, கதிர்வீச்சின் பரப்பும் அளவும் சுருங்கின. நோய் குறைவாகப் பரவிய தொடக்க நிலையினருக்கு, இரண்டு சுற்று மருந்தும் 20 கிரேயும் போதும் என்று ஜெர்மன் ஆய்வுக் குழு 2010இல் முடிவை வெளியிட்டது.

குழந்தைகளின் லுகேமியாவிலும் இதே போக்கு. மருந்து மூளைக்குள் எளிதில் நுழையாததால் நோய் அங்கே ஒளிந்திருந்து திரும்பும். அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் 1960களில் தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்து அதைத் தடுத்தார். குழந்தைகளில் பாதிப் பேர் பிழைத்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் படிப்பும் வளர்ச்சியும் அடி வாங்கின. பின்னர் முதுகு ஊசி வழியாக மெதொட்ரெக்ஸேட் கொடுக்கும் முறை வளர்ந்தது. அதே மருத்துவமனை 2009இல் வெளியிட்ட ஆய்வில், முன்காப்பாக எவருக்கும் தலையில் கதிர்வீச்சு கொடுக்காமலேயே ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் 90 விழுக்காட்டைத் தாண்டினர்.

கதிர்வீச்சின் இடத்தைப் பிடித்த மருந்துகளில் இரண்டு நமக்கு நெருக்கமானவை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு உருவாக்கியது மெதொட்ரெக்ஸேட். மற்றது வின்கிறிஸ்டின், கோயில் வளவுகளிலும் மயானங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. ஜமேய்க்காவிலிருந்து தபாலில் வந்த இலைகளை நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று கனடாவில் சோதித்த ரொபர்ட் நோபல், அவை வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார். இலையை அவித்துக் குடித்தால் சிகிச்சையாகிவிடாது. மருந்தின் அளவு இலையில் மிகச் சொற்பம், நச்சும் கூடவே வரும். வின்கிறிஸ்டின் நாளத்தில் ஏற்றினால் மருந்து. தவறி முதுகுத் தண்டில் ஏறினால் உயிரைக் குடிக்கும். அதனால்தான் முதுகு ஊசி போடும் நாளில் தாதியர் அதைப் பக்கத்திலேயே வைக்க விடுவதில்லை.

கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நாட்களில் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல்கூட அவசரநிலை. பெனடோலைப் போட்டுவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்றிருப்பது ஆபத்து. ஹட்டன் பக்கத்துத் தோட்டமென்றால் நேரே கண்டிக்கு பஸ் ஏறாமல், அருகிலுள்ள டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற ஓரிடத்தில் முதல் நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை ஏற்றிக்கொண்டு பிறகு கண்டி வருவதே புத்தி. என்ன கீமோ, எப்போது ஏறியது என்பதை அங்கே உள்ள வைத்தியருக்குக் கிளினிக் கொப்பிதான் சொல்லும்.

அந்தக் கொப்பியைச் சிகிச்சை முடிந்ததும் தூக்கிப் போடக் கூடாது. கதிர்வீச்சு பெற்றவர் எந்த இடத்தில், மொத்தம் எத்தனை கிரே, எந்த ஆண்டு என்பதை எழுதி வாங்கி வைக்க வேண்டும். கழுத்தில் பட்டிருந்தால் தைராய்டு சுரப்பி ஆண்டுகள் கழித்து மந்தமாகலாம், அதை ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். இளவயதில் நெஞ்சில் பெற்ற பெண்கள் மார்பகப் பரிசோதனையை மற்றவர்களைவிட முன்னதாகவே தொடங்க வேண்டும்.