தேடுவார்க்கு எட்டும் செல்வம்

ஒரு பொருள் உலகில் இருத்தல் வேறு; அது வேண்டுவார் கைக்கு எட்டுதல் வேறு. களஞ்சியம் நிறைய நெல் இருப்பினும், அதன் வாயில் எங்குளதென அறியாதவன் பசியோடுதான் திரும்புவான். அறிவுச் செல்வத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

1855ஆம் ஆண்டில் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், இளமையில் அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் தமிழ் பயின்றவர். பிற்காலத்தில் அவர் ஏட்டுச்சுவடிகளை நாடி ஊர் ஊராகச் சென்றார். பழைய நூல்கள் பல அழியாமல் எஞ்சியிருந்தன. ஆயினும் எந்நூல் எவர் வீட்டில் உள்ளது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் வெளியிட்ட அப்பெரியார், மூலத்தை அச்சிடுவதோடு நின்றுவிடவில்லை. முகவுரையும் அரும்பத அகராதியும் போன்ற துணைகளைத் தம் பதிப்புகளில் சேர்த்தார். ஒரு சொல் நூலில் எங்கு வருகிறது என்பதை அவ்வகராதியால் எளிதில் அறியலாம். தாம் தேடி அலைந்தவர், பிறர் தேடும் துன்பத்தைக் குறைக்க வழி செய்தார்.

இக்காலத்தில் கணினி உலகிலும் இத்தகைய செல்வம் ஒன்று பெருகியுள்ளது. அதுவே கட்டற்ற மென்பொருள் ஆகும். கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதிக்கு மென்பொருள் என்று பெயர். எவரும் இயக்கவும், ஆராய்ந்து திருத்தவும், படியெடுத்து வழங்கவும், திருத்தியதைப் பிறர்க்கு அளிக்கவும் உரிமை தரும் மென்பொருளே கட்டற்றதாகும். 1983ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்து இவ்வியக்கத்தைத் தொடங்கினார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்னும் கருவை வெளியிட்டார். பின்னர் உலகெங்குமுள்ள தொண்டர் பலர் இப்பணியில் சேர்ந்தனர்.

மென்பொருளுக்குத் துணையாக இணைக்கப்படும் சிறு நிரலைத் துணைநிரல் என்பர். வண்டி கூண்டின்றியும் ஓடும்; வெயிலில் செல்வோர் அதற்குக் கூண்டு கட்டிக்கொள்வர். துணைநிரலும் அத்தகையதே. 2004ஆம் ஆண்டில் முதற் பதிப்பாக வெளிவந்த 'பயர்பாக்ஸ்' என்னும் உலாவிக்கும், கட்டுரை முதலியன எழுத உதவும் 'லிப்ரே ஆபீஸ்' என்னும் மென்பொருளுக்கும் துணைநிரல்கள் பல உள்ளன. தமிழ்ச் சொற்பிழையைச் சுட்டிக்காட்டும் அகராதிகளும் அவற்றுள் அடங்கும். இணையத்தளம் அமைக்கப் பயன்படும் 'வேர்டுபிரஸ்' மென்பொருளுக்கு மட்டும் 50,000க்கு மேற்பட்ட துணைநிரல்கள் அதன் பொதுப் பண்டகசாலையில் குவிந்துள்ளன.

குவியல் பெரிதாக ஆக, வேண்டிய ஒன்றைக் கண்டெடுத்தல் அரிதாகும். அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மாணவி ஒருத்தி கணினியில் தமிழ்க் கட்டுரை எழுதுகிறாள் எனக் கொள்வோம். அவளுக்குப் பிழை திருத்தும் துணை வேண்டும். அத்துணை எங்கோ இருக்கிறது, விலையும் இல்லை. ஆயினும் அவள் தட்டச்சிடும் சொற்களுக்கு அது அகப்படவில்லை எனில், அவளைப் பொறுத்தவரை அஃது இல்லாததே ஆகும்.

இவ்விடர்ப்பாடு ஏன் நேர்கிறது என்பதை அறியத் தேடுபொறியின் இயல்பை அறிதல் வேண்டும். தேடுபொறி நாம் கேட்டபின் உலகெங்கும் ஓடித் தேடுவதில்லை. முன்னரே பக்கங்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என அட்டவணை எழுதி வைத்துக்கொள்கிறது. அவ்வட்டவணை, நூலின் இறுதியிலுள்ள சொல்லகராதியைப் போன்றது. கேட்ட சொல் அதில் இருப்பின் அப்பக்கத்தைக் காட்டும். இல்லையேல் அப்பக்கம் மறைந்தே கிடக்கும். சொல்லின் கருத்தை உய்த்துணர முயலும் தேடுபொறிகளும் இப்போது தோன்றியுள்ளன. ஆயினும் எழுதப்பட்ட குறிப்பே இல்லையெனில் அவையும் எதைக்கொண்டு உணரும்?

தமிழில் தேடுவதற்குத் தனி இடையூறுகள் சில உள. முதலாவது, சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுதல். அரியலூர் மாவட்டத்திலுள்ள சோழர் தலைநகரை ஒருவர் 'கங்கைகொண்டசோழபுரம்' என ஒரு சொல்லாகவும், ஒருவர் 'கங்கைகொண்ட சோழபுரம்' என இரு சொல்லாகவும், வேறொருவர் 'கங்கை கொண்ட சோழபுரம்' என மூன்று சொல்லாகவும் எழுதுவர். மனிதர்க்கு மூன்றும் ஒன்றே. பொறிக்கோ அவை வெவ்வேறு.

இரண்டாவது, வேற்றுமை உருபு ஏற்றல். 'அரியலூர்' என்பது 'அரியலூரில்', 'அரியலூருக்கு' எனத் திரியுங்கால், எளிய பொறி அவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே எண்ணும்.

மூன்றாவது, எழுத்துகளின் குறியீடு. முற்காலத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் தேடினால் கிடைக்காது. உலக மொழிகளுக்குப் பொதுவான ஒருங்குறி 1991இல் வெளிவந்தபோதே தமிழும் அதில் இடம்பெற்றது. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இதனால் பெருங்குறை நீங்கிற்று. எனினும் நுண்ணிய குறை ஒன்று எஞ்சியது. அரியலூரின் தெற்கே ஓடும் 'கொள்ளிடம்' என்னும் பெயரின் முதலெழுத்தைக் காண்க. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீட்டாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரு குறியீடுகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இரண்டையும் ஒருநிலைப்படுத்தும் பொறியே இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்.

இவ்விடையூறுகளைக் கடக்க, துணைநிரல் செய்வோர் கைக்கொள்ளத் தக்க நெறிகள் அரியன அல்ல. பெயர், செய்யும் தொழிலைக் காட்டுதல் வேண்டும். அழகு கருதி மலரின் பெயரை மட்டும் சூட்டிவிட்டால், பிழை திருத்தத் தேடுவார் அதனை எவ்வாறு அறிவர்? பெயரை அடுத்துவரும் முதல் வாக்கியத்திலேயே, அஃது என்ன செய்யும், எம்மென்பொருளின் எப்பதிப்புக்குப் பொருந்தும் என்பன விளங்க வேண்டும். குறிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் நன்று. குறிச்சொற்கள் மக்கள் வழங்கும் சொற்களாக இருத்தல் வேண்டும். 'விசைப்பலகை' என்பாரும் உளர். 'கீபோர்டு' என்பாரும் உளர். இருவர்க்கும் வழி திறந்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், மாற்றுப் பெயரால் தேடி வருவோரை உரிய கட்டுரைக்குக் கொண்டு செல்ல 'வழிமாற்று' என்னும் முறை கையாளப்படுகிறது. இதுவும் பின்பற்றத் தக்கதே.

பிறர் சான்றும் துணை செய்யும். 1998இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கிய லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும், ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்துணை சுட்டுகின்றன என்பதை அதன் மதிப்புக்கு ஓர் அளவாகக் கொண்டனர். ஆதலின், ஒரு துணைநிரலால் பயன்பெற்றவர் அதனைத் தம் பக்கத்தில் சுட்டி எழுதுவாராயின், அதுவே சிறந்த கைம்மாறாகும். ஆனால் தொடர்பற்ற சொற்களைக் குவித்து, தேடுவாரைத் தம் பக்கம் இழுப்பது வஞ்சகமாகும். மிளகு என எழுதி உளுந்து விற்கும் கடைக்கு மறுமுறை எவரும் செல்லார்.

குறிப்பு எழுதுதலைச் சிறு வேலை எனக் கருதுவார் உளர். அதனைப் புறக்கணிப்பதால் விளையும் இழப்போ பெரிது. வேண்டுவோர் பெறாமல் போகின்றனர். முன்னரே ஒருவர் செய்து முடித்ததை அறியாமல் மற்றொருவர் மீண்டும் தொடங்கித் தம் காலத்தை வீணாக்குகின்றார். முதலிற் செய்தவரோ, பயன்கொள்வார் எவரையும் காணாமையால் ஊக்கம் குன்றி, அதனைக் கைவிட்டு விடுகின்றார். ஊதியம் கருதாத தொண்டர் உழைப்பைக்கொண்டே பெரும்பாலும் வளரும் தமிழ்க் கணினித்துறை இவ்விழப்பைத் தாங்க வல்லதன்று.

ஆகவே, நிரலை எழுதி முடித்தவுடன் கொடை நிறைவுற்றதாகாது. அது தேடுவார் கண்ணில் பட்டு, அவர் கையில் சேர்ந்தபோதே நிறைவுறும். இன்று கணினி பயிலும் மாணவர், நாளை தாமும் ஒரு துணைநிரலை ஆக்கக்கூடும். அந்நாளில் அதற்குத் தெளிந்த பெயரும் உண்மையான குறிப்பும் எழுதுவதனையும் தம் பணியின் ஒரு கூறாகவே கொள்வாராக.