கத்தி பிடிக்கப் பழகும் கைகளுக்கு ஒரு பட்டியல்

திருகோணமலை சீனக்குடாவில் விமானம் ஓட்டப் பழகும் விமானப்படைப் பயிலுனர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கையில் பட்டியல் இல்லாமல் புறப்பட முடியாது. துறைமுகத்தின் மறுபக்கம், நகரிலுள்ள வைத்தியசாலைக்கு ஒரு இளம் வைத்தியர் உள்ளகப் பயிற்சிக்கு வருகிறார் என்று வையுங்கள். முதன்முதலாக ஒரு மீனவரின் கைவெட்டுக்குத் தையல் போடும்போது அவர் எதை நம்புவார்? பெரும்பாலும், மூத்தவர் செய்ததைப் பார்த்த ஞாபகத்தை.

விமானப் பட்டியலுக்கு ஒரு விபத்துக் கதை உண்டு. 1935 ஒக்டோபரில் அமெரிக்காவில் போயிங் மொடல் 299 விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் அனுபவசாலி, ஒரு பூட்டை விடுவிக்க மறந்திருந்தார். ஆக, பட்டியல் முட்டாள்களுக்கானது அல்ல.

சத்திரசிகிச்சைக்கூடத்துக்கு அது வந்தது தாமதமாகத்தான். 2008இல் உலக சுகாதார ஸ்தாபனம் 19 விடயங்கள் கொண்ட பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுடில்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது மரணவீதம் 1.5இலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆனால் அது முழு அணிக்குமான பட்டியல். கைத்திறன் பழகும் பட்டியல் வேறு.

1990களில் ரொறன்ரோவில் உருவான மதிப்பீட்டு முறையில் ஒவ்வொரு வேலையும் சிறு படிகளாக உடைக்கப்பட்டது. தையலையே எடுங்கள்: ஊசியை நுனியில் பிடிக்காமல் நடுவுக்குச் சற்றுப் பின்னால் கருவியால் பிடித்தாரா? தோலுக்குள் செங்குத்தாக இறக்கினாரா? ஊசியின் வளைவோடு மணிக்கட்டைத் திருப்பினாரா? ஊசியை விரலால் தொடாமல் எடுத்தாரா? முடிச்சு சதுரமாக விழுந்ததா? "இன்னும் கவனமாகச் செய்" என்ற ஏச்சைவிட, "மூன்றாவது படியில் மணிக்கட்டு திரும்பவில்லை" என்பது பழகுபவருக்கு எவ்வளவோ மேல்.

இதற்கும் எல்லை உண்டு. அதே ரொறன்ரோ ஆய்வாளர்கள் கண்டது: புதியவரையும் தேர்ந்தவரையும் பிரித்தறிய, சரி போடும் பட்டியலைவிட, நிபுணர் ஒருவர் கையோட்டத்தையும் திசுவை மென்மையாகக் கையாள்வதையும் பார்த்து இடும் மொத்தப் புள்ளியே நம்பகமானது. எல்லாப் படிக்கும் சரி போட்டுவிட்டு முரட்டுத்தனமாகத் தைக்கவும் முடியும். ஆகவே, தொடக்கத்துக்குப் பட்டியல், பிறகு பார்க்கும் கண் என்பதே என் கணிப்பு.

உலக சுகாதார ஸ்தாபனப் பட்டியலின் முதல் கேள்வி நோயாளியிடம்: பெயர், சிகிச்சை, உடலின் எந்த இடம், சம்மதம். தமிழும் சிங்களமும் புழங்கும் இந்த மாவட்டத்தில் அதை எந்த மொழியில் கேட்பது? 1860களிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மயக்க மருந்துக்கு முந்திய அந்த ஒரு நிமிடத்தில், நோயாளிக்கு விளங்காத மொழியில் கேட்டு வாங்கும் தலையாட்டலை நான் சரி என்று குறிக்க மாட்டேன்.